திட்டு விழும் இடங்கள்: கண்டிப்பான சென்சேயிடம் ஜப்பானிய மொழி கற்கும் தமிழருக்கு

முப்பது நாற்பது வயதில், வேலைக்கும் போய்க்கொண்டு, ஜப்பானிய மொழி வகுப்பில் சேரும் மலேசியத் தமிழருக்கு இரண்டு பயம் உண்டு. ஒன்று எழுத்து, இன்னொன்று ஆசிரியர், அதாவது சென்சே. அடிப்படை எழுத்து மூன்று வாரத்தில் அடங்கிவிடும். ஆசிரியர் அடங்க மாட்டார். ஐந்து நிமிடம் தாமதமானால் முகம் சுளிப்பார். ஒரே சொல்லைப் பத்து முறை சொல்ல வைப்பார். பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, "சிகாய்மஸ்" (தவறு) என்று பாதி வாக்கியத்தில் வெட்டுவார். மூன்றாம் வகுப்போடு நின்றுவிடுவோர் பலர் மொழி கடினம் என்று நிற்பதில்லை, வெட்கத்தால்தான் நிற்கிறார்கள்.

ஆனால் தமிழ் பேசுபவர் ஜப்பானிய மொழியில் செய்யும் தவறுகள் எண்ணிக்கையில் குறைவு. அவை எங்கே வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். திட்டு விழும் இடம் தெரிந்தால் பாதியை வீட்டிலேயே முடித்துவிட்டு வகுப்புக்குப் போகலாம். மீதிப் பாதிக்கு அந்தக் கண்டிப்பான காது தேவை. கைப்பேசிச் செயலிகள் எதைச் சொன்னாலும் "அருமை" என்று பச்சை விளக்கு காட்டும். காசு கொடுத்துச் சேரும் வகுப்பில் அந்தக் காதுக்குத்தான் காசு.

ஒரு முன்னறிவிப்பு. இந்த வழிகாட்டியில் ஜப்பானியச் சொற்கள் தமிழ் எழுத்தில் இருப்பது படிக்கும் வசதிக்காக மட்டும். உங்கள் நோட்டில் இப்படி எழுதினால் கெட்டீர்கள். ஏன் என்பது கீழே வரும்.

சேருவதற்கு முன்

கோலாலம்பூரில், ஜப்பானிய மொழியையும் பண்பாட்டையும் பரப்பும் ஜப்பான் அறக்கட்டளையின் (ஜப்பான் பவுண்டேஷன்) அலுவலகமும் நூலகமும் மிட் வேலியில் இருக்கின்றன. கேடிஎம் கொம்யூட்டரில் மிட் வேலி நிலையம், எல்ஆர்டியில் வந்தால் அப்துல்லா ஹுக்கும் நிலையத்திலிருந்து நடைபாலம். தனியார் வகுப்புகளும் தனி ஆசிரியர்களும் வேறு. பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையைச் சுற்றி ஜப்பானிய நிறுவனங்களில் வேலை செய்வோருக்காக மாலை வகுப்புகள் நடக்கும். ஜப்பானைப் பார்த்துக் கற்போம் என்று 1982இல் அரசின் 'கிழக்கை நோக்கும் கொள்கை' வந்ததிலிருந்து இந்த நாட்டில் ஜப்பானிய மொழிக்குக் கிராக்கி உண்டு.

சேரும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? பன்னிரண்டுக்கு மேல் போனால் உங்கள் வாய் திறக்கும் நேரம் மிகக் குறைவு. ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க விடுவார்களா? கட்டணத்தைத் தவணைத் தவணையாகக் கட்டலாமா? பாதியில் நின்றால் பணம் திரும்புமா? ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். ஆசிரியர் ஒத்துவரவில்லை என்றால், கட்டிய பணத்துக்காகவே மாதக் கணக்கில் வேதனைப்பட்டு உட்கார்ந்திருக்க வேண்டி வரும்.

பார்க்கப் போகும் அந்த ஒரு வகுப்பில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆசிரியர் கடிந்துகொள்ளும்போது எதைக் கடிகிறார்? "அந்த ஒலி தவறு, மறுபடியும் சொல்" என்றால் அது கண்டிப்பு. "உனக்கெல்லாம் வராது" என்றால் அது வேறு. முதல் வகையிடம் சேருங்கள், குரல் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் பரவாயில்லை. இரண்டாம் வகை சிரித்துக்கொண்டே சொன்னாலும் வேண்டாம்.

பெயர் விஷயத்தை முதல் நாளே முடித்துவிடுங்கள். ஜப்பானியப் படிவத்தில் குடும்பப் பெயர், இடுபெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நம் அடையாள அட்டையில் ஏ/எல், ஏ/பி போட்டு அப்பா பெயர் நிற்கும். ஆசிரியர் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, ஆண்டு முழுக்க உங்களை அப்பா பெயரால் கூப்பிட வாய்ப்பு உண்டு. "குமார் தோ யொன்தே குதசாய்" (குமார் என்று கூப்பிடுங்கள்) என்ற ஒரு வாக்கியம் போதும். பெயரை அவர்களின் கதகானா எழுத்தில் (வெளிநாட்டுப் பெயர்களுக்கான எழுத்து) எப்படி எழுதுவது என்று ஆசிரியரையே கேட்டு முடிவு செய்யுங்கள். ல, ள, ழ எல்லாம் ரகரமாக மாறிவிடும். அதற்காக வருத்தப்படாதீர்கள்.

எழுத்து: முதல் மூன்று வாரம்

ஜப்பானியத்தின் ஒலியெழுத்து இரண்டு வரிசை: ஹிரகானா 46, கதகானா 46. இது அடிப்படை எண்ணிக்கை. புள்ளியும் வட்டமும் சேர்ந்து ஒலி மாறுபவை தனி. நாளுக்கு ஐந்து எழுத்து, ஒவ்வொன்றும் கட்டம் போட்ட தாளில் பத்து முறை. மறுநாள் முந்தைய நாளின் ஐந்தையும் பார்க்காமல் எழுத வேண்டும். மூன்று வாரத்தில் இரண்டும் முடியும். 247 எழுத்தைத் தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்த கைக்கு இது பெரிய சுமை இல்லை.

கோடுகளை எழுதும் வரிசையை விட்டுவிடாதீர்கள். கண்டிப்பான ஆசிரியர் எழுதி முடித்த எழுத்தைப் பார்த்தே கோடு எந்தத் திசையில் போனது என்று கண்டுபிடிப்பார். கதகானாவில் 'ஷி', 'ட்ஸு' இரண்டும், 'ன்', 'ஸோ' இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். 'ஷி'யிலும் 'ன்'னிலும் நீண்ட கோடு கீழிருந்து மேலே எழும். 'ட்ஸு', 'ஸோ' இரண்டிலும் மேலிருந்து கீழே இறங்கும். திசை சரியானால் வடிவம் தானே சரியாகும்.

எந்தச் சொல்லையும் தமிழ் எழுத்தில் குறித்துவைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதோ. பல்கலைக்கழகத்துக்கு ஒரு சொல், படிப்பைப் பாதியில் விட்டு வெளியேறுவதற்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டுமே 'தைககு'. முதல் ஒலியில் தொண்டை அதிர்ந்தால் பல்கலைக்கழகம், அதிராவிட்டால் வெளியேற்றம். சாவிக்கும் சீமைப் பனிச்சைப் பழத்துக்கும் நடுவிலும் அதே வித்தியாசம்தான், தமிழில் இரண்டும் 'ககி'. நம் எழுத்தில் ஒரு க, ஒரு த, ஒரு ப மட்டுமே. எங்கே அதிரும் என்பதை இடம் பார்த்து நம் வாய் தீர்மானிக்கும். ஜப்பானியத்தில் எழுத்துத்தான் தீர்மானிக்கும்.

ஒலி: தமிழ் வாய் எங்கே காட்டிக்கொடுக்கும்

இந்தப் பகுதியில் நிறைய நேரம் செலவிடுங்கள். ஆசிரியர் முதலில் பிடிப்பது இதைத்தான்.

மூக்கொலிக்குப் பின் வரும் வல்லினம் முதல் சிக்கல். தமிழில் 'ங்க', 'ந்த', 'ம்ப' என்று வந்தால் க, த, ப மூன்றும் மெலிந்து அதிரும். 'தங்கம்', 'பந்து', 'கம்பு' சொல்லிப் பாருங்கள். வேறு மாதிரிச் சொல்லவே நமக்கு வராது. ஜப்பானியத்தில் 'கன்தன்' (எளிது), 'கென்கி' (நலம்), 'ஸன்போ' (உலாப் போவது) எல்லாவற்றிலும் அந்த வல்லினம் அதிராமல் வல்லினமாகவே நிற்க வேண்டும். நம் வாய் 'பந்து'வில் வருவது போலவே மெலித்துச் சொல்லிவிடும். அந்த இடத்தில் சென்சே வெட்டுவார். "நான் சரியாகத்தானே சொன்னேன்" என்று நமக்குத் தோன்றும், ஏனென்றால் அந்த வித்தியாசம் நம் காதில் விழுவதில்லை.

இதற்கு மருந்து நம் நாட்டிலேயே இருக்கிறது. மலாயில் கதவு 'பிந்து', விளக்கு 'லம்பு'. ஒரு மலாய் நண்பர் சொல்வதைக் கேளுங்கள். த, ப இரண்டும் அதிராமல் நிற்கும். தொண்டையில் இரண்டு விரல் வைத்து, முதலில் மலாய்ச் சொல், உடனே ஜப்பானியச் சொல் என்று ஜோடியாகச் சொல்லுங்கள். நாளுக்கு ஐந்து நிமிடம், இரண்டு வாரம். தமிழ்நாட்டிலிருந்து வந்து கற்பவருக்கு இந்தப் படிக்கட்டு கிடையாது. மலேசியத் தமிழருக்கு உண்டு.

இரண்டாவது, இரு உயிருக்கு நடுவில் வரும் தனி வல்லினம். 'வதஷி' (நான்) என்ற சொல்லில் நடு ஒலி 'பாதி'யில் வரும் தகரம் போல மெலிந்துவிடக் கூடாது. 'பத்து' என்பதில் உள்ள த்-ஐ எடுத்து அதில் பாதி நேரம் மட்டும் நிறுத்துங்கள்.

மூன்றாவது, மாத்திரை. இங்கே நமக்கு ஒரு லாபம், ஒரு நட்டம். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு என்ற கணக்கு ஜப்பானியத்திலும் அப்படியே. 'ஒபஸன்' என்றால் அத்தை வயதுப் பெண், 'ஒபாஸன்' என்றால் பாட்டி. 'பிரு' கட்டடம், 'பீரு' குடிக்கிற பீர். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் மாதக் கணக்கில் தடுமாறும் இடத்தை நாம் முதல் நாளே தாண்டிவிடுவோம். நட்டம் ஒற்றெழுத்தில். நமக்கு மெய்க்கு அரை மாத்திரை, அவர்களுக்கு முழு மாத்திரை. 'கொன்னிசிவ' (வணக்கம்) என்பது கொ-ன்-னி-சி-வ என ஐந்து தட்டு. 'கிதே' (வந்து) இரண்டு தட்டு, 'கித்தே' (அஞ்சல் தலை) மூன்று. மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்லிப் பழகுங்கள். இரட்டிக்கும் இடத்தில் ஒரு தட்டு முழுக்க வாய் மூடிக் காத்திருக்க வேண்டும்.

நான்காவது புணர்ச்சி. மெய்யின் மேல் உயிர் வந்தால் ஏறி உட்காரும் என்பது நமக்கு இரத்தத்தில் ஊறியது. புகை பிடிக்கத் தடை என்பதற்கு 'கின்-என்'. தமிழ் வாய் இதை 'கினென்' ஆக்கும். 'கினென்' என்றால் நினைவுகூர்தல் என்று வேறு பொருள். 'ன்' முடிந்து உயிர் தொடங்கினால் நடுவே சுவர் எழுப்புங்கள். நாக்கு மேலண்ணத்தைத் தொடாமல் மூக்கில் மட்டும் ஒலி வரட்டும்.

எளிதானவற்றை வேகமாகக் கடக்கலாம். 'தெஸு', 'மஸு' என்று எழுதியிருக்கும் இடத்தில் கடைசி உகரம் ஏறக்குறைய விழுங்கப்படும். மற்ற இடங்களிலும் உகரம் நம் 'பாட்டு', 'காசு' முடிவில் வரும் குற்றியலுகரம் போல உதடு குவியாமல் வரும். ரகரம் நம் இடையின 'ர'. அதை ஓடவிட்டு 'ற்ற்' ஆக்காதீர்கள். 'ட்ஸு' ஒலியை வெறும் 'சு' ஆக்குவதும், இஸட் ஒலியை 'ஜ' ஆக்குவதும் நம் பழக்கம். 'ஸ்ஸ்' என்று இழுத்துக்கொண்டே தொண்டையை அதிரவிட்டால் இஸட் ஒலி வந்துவிடும். சுர ஏற்ற இறக்கம் உண்டு: 'ஹஷி' உயர்ந்து தாழ்ந்தால் சாப்பிடும் குச்சி, தாழ்ந்து உயர்ந்தால் பாலம். முதல் ஆண்டில் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்டதைக் கேட்டபடி திரும்பச் சொன்னால் போதும்.

வகுப்பில் பெயர் கூப்பிட்டதும்

பதில் தெரியாவிட்டாலும் மூன்று நொடிக்குள் வாயைத் திறங்கள். "ஏத்தோ..." என்று இழுத்தால் அது ஜப்பானிய மௌனம், யோசிக்கிறார் என்று ஆசிரியர் பொறுப்பார். ஆங்கிலத்தில் "சாரி சாரி" என்றாலோ, கூச்சத்தில் சிரித்தாலோ எரிச்சல் கூடும். பாதி வாக்கியம் வேண்டாம். தவறானாலும் முழு வாக்கியமாகச் சொல்லி முடியுங்கள். முழுசாக இருந்தால்தான் அவரால் எங்கே தவறு என்று சுட்ட முடியும்.

தலையாட்டல் பற்றி ஒரு வார்த்தை. நாம் "சரி சரி" என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். ஜப்பானியருக்குத் தலை பக்கவாட்டில் சாய்ந்தால் சந்தேகம் என்று பொருள். ஆசிரியர் விளக்கிக்கொண்டிருக்க நாம் பணிவாகத் தலையாட்ட, அவர் கண்ணுக்கு அது "நீங்கள் சொல்வது சரிதானா" என்று கேட்பது போல இருக்கும். மேலும் கீழுமாக ஆட்டுங்கள், கூடவே "ஹை". இந்த "ஹை" என்பதற்குப் "புரிந்தது" என்று பொருள் இல்லை, "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றுதான். உண்மையில் புரிந்தால் மட்டும் "வகரிமஷித" சொல்லுங்கள். புரியாமல் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி உங்களுக்குத்தான்.

நான்கு வாக்கியம் எப்போதும் நாக்கு நுனியில் இருக்கட்டும்:

"ஸுமிமஸென், மோ இச்சிதோ ஒனெகாய்ஷிமஸ்" (மன்னிக்கவும், இன்னொரு முறை).
"தோகோ கா சிகாய்மஸ் கா" (எந்த இடம் தவறு?). இரண்டு 'கா'வும் குறில்தான், முதலாவது மட்டும் அதிரும்.
"கோரே தே ஈ தெஸ் கா" (இப்படிச் சொன்னால் சரியா?).
"ஒகுரெதே ஸுமிமஸென்" (தாமதத்துக்கு மன்னிக்கவும்).

கடைசி வாக்கியத்தோடு கதை சொல்லாதீர்கள். பெடரல் நெடுஞ்சாலை நெரிசலும் பினாங்குப் பாலத்து நெரிசலும் ஆசிரியருக்குத் தெரியும். பயிற்சி நடுவே நுழைய நேர்ந்தால், ஓடும் வாக்கியம் முடியும் வரை கதவருகே நின்று, தலை குனிந்து, அந்த ஒரு வரியைச் சொல்லி உட்காருங்கள். தைப்பூசத்துக்கோ தீபாவளிக்கோ விடுப்பு வேண்டுமானால் இரண்டு வாரம் முன்பே சொல்லி, அந்த நாளின் வீட்டுப்பாடத்தை முன்னதாகவே கேட்டு வாங்குங்கள். கண்டிப்பானவர்களை இதைவிட வேகமாக இளக வைக்கும் வழி இல்லை.

திட்டு நோட்டு

தனியாக ஒரு சின்ன நோட்டு. பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். இடது பக்கம் நீங்கள் சொன்னது, நடுவில் ஆசிரியர் திருத்திச் சொன்னது, வலது பக்கம் காரணத்துக்கு ஓர் எழுத்து: ஒலிக்கு 'ஒ', வேற்றுமைச் சொல்லுக்கு 'வே', வினை வடிவத்துக்கு 'வி', மரியாதைக்கு 'ம', சோம்பலுக்கு 'சோ' (வீட்டுப்பாடம் செய்யவில்லை, சொல் மறந்தது). அவர் குரல், முகம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பவற்றுக்கு அந்த நோட்டில் இடமே கிடையாது.

வகுப்பு முடிந்த 24 மணி நேரத்துக்குள் நடுப்பத்தியில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் பத்து முறை உரக்கச் சொல்லுங்கள். பத்தாவது முறையைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அடுத்த வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் அவற்றில் ஒன்றையாவது அவர் காதில் விழும்படி பயன்படுத்துங்கள். ஒரே தவறுக்கு இரண்டாம் முறை திட்டு வாங்குவதுதான் உண்மையில் ஆசிரியரைக் கோபப்படுத்துவது.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை வலது பத்தியை எண்ணுங்கள். 'சோ' அதிகமாக இருந்தால் ஆசிரியர் மேல் குறை சொல்ல நமக்கு முகம் இல்லை. 'வே' அதிகம் என்றால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

இலக்கணம்: ஆங்கிலத்தை வெளியே நிறுத்துங்கள்

வகுப்பு பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோ நடக்கும். பாடநூலின் விளக்கமும் ஆங்கிலம். நம்மவர் ஜப்பானியத்தை ஆங்கிலத்துக்கு மாற்றி, ஆங்கிலத்தைத் திரும்ப ஜப்பானியமாக்கி, இரண்டு முறை தலைகீழாகப் புரட்டுகிறார்கள். தேவையே இல்லை. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை தமிழில் உள்ளபடியே. 'கினோ கத்த ஹொன்' என்பது 'நேற்று வாங்கிய புத்தகம்', சொல்லுக்குச் சொல் அதே இடம். பெயரெச்சத்தை ஆங்கிலம் வழியாக விளக்கும் வகுப்பில் மற்றவர் குழம்பும்போது, நீங்கள் தமிழில் யோசித்தால் பதில் தயாராக இருக்கும்.

வேற்றுமை உருபுகளும் அப்படியே. 'ஒ' என்றால் ஐ. 'நி' என்றால் கு. 'கர' என்றால் இருந்து. 'மதே' என்றால் வரை. 'மோ' என்றால் உம். 'தோ' என்றால் உடன், இன்னொரு வேலையில் 'என்று': 'குரு தோ இத்த' என்றால் 'வருவேன் என்று சொன்னார்'. கேள்விக்குக் கடைசியில் 'கா', நமக்கு 'ஆ'. சுட்டு மூன்று: 'கோரே' இது, 'அரே' அது, நடுவில் 'ஸோரே'. அந்த நடுச் சுட்டு நம் பேச்சில் போய்விட்டது. யாழ்ப்பாணத் தமிழில் இன்றும் இருக்கும் 'உது'தான் அது. பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து இலங்கைத் தமிழ்ப் பாட்டிகளிடம் கேட்டால் எந்த ஆசிரியரையும்விடத் தெளிவாக விளக்குவார்கள்.

வினையெச்சம்தான் பெரிய புதையல். 'ஷிதே மிரு' செய்து பார், 'ஷிதே ஒகு' செய்து வை, 'ஷிதே ஷிமாவு' செய்துவிடு. துணைவினையும் அதே யோசனை: 'மிரு' என்றால் பார், 'ஒகு' என்றால் வை. 'கிதே இமஸ்' என்பதை ஆங்கிலம் வழியாகப் போனவர் "வந்துகொண்டிருக்கிறார்" என்று நினைப்பார். அதன் பொருள் 'வந்திருக்கிறார்'. தமிழ் நேரே அங்கே கொண்டுபோய் விடுகிறது.

'எனக்கு' என்று தொடங்கும் தமிழ் வாக்கியங்களுக்கு ஒரு சூத்திரம் உண்டு. எனக்குக் காப்பி பிடிக்கும், எனக்குப் பணம் வேண்டும், எனக்கு ஜப்பானிய மொழி புரியும், எனக்குத் தலை வலிக்கிறது. இவை எல்லாவற்றிலும் ஜப்பானியத்தில் 'வதஷி வா' (யாரைப் பற்றிய பேச்சு என்று காட்டுவது 'வா') போட்டு, அடுத்த பொருளுக்கு எழுவாய் உருபு (எழுத்தில் 'கா', தொண்டை அதிரும் குறில்) போட வேண்டும். ஐ உருபுக்கு இணையான 'ஒ' வரக் கூடாது. "காப்பியை" என்று நாமும் பெரும்பாலும் சொல்வதில்லை என்பதை நினைவில் வைத்தால் போதும்.

இனி தமிழ் கைவிடும் இடங்கள். நோட்டில் 'வே' குவிவது இங்கேதான்.

'இல்' உருபு. நமக்கு "வீட்டில் இருக்கிறேன்", "வீட்டில் சாப்பிடுகிறேன்" இரண்டுக்கும் ஒரே 'இல்'. அவர்களுக்கு இருப்பதற்கு 'நி', செயலுக்கு 'தே'. 'உச்சி நி இமஸ்', 'உச்சி தே தபெமஸ்'. வசிப்பதற்கும் உட்கார்வதற்கும் 'நி'. ஆனால் நிகழ்ச்சிக்கு 'தே': "கோலாலம்பூரில் தேர்வு இருக்கிறது" என்றால் தேர்வு ஒரு பொருளாக அங்கே கிடக்கவில்லை, நடக்கிறது. ஆகவே 'தே'. பஸ்ஸில் போவதற்கும் 'தே', பஸ்ஸில் ஏறுவதற்கு 'நி', பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு 'ஒ'. நண்பரைச் சந்திப்பதற்கு ஐ வராது: 'தொமொதாச்சி நி அவு'. இந்த ஏழெட்டையும் ஒரு அட்டையில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள்.

திணை. 'இரு', 'அரு' என்று 'இருக்கிறது'க்கு இரண்டு வினை. உயர்திணை, அஃறிணை என்று பிரித்தால் முக்கால் பங்கு சரி. பூனையும் மாடும் அங்கே 'இரு' பக்கம் போகும், செடி கொடி 'அரு' பக்கம்.

பண்புச்சொல்லின் இறந்தகாலம். 'தகாய்' (விலை அதிகம்) என்பதற்கு 'தகாய் தெஷித' என்று சொன்னால் திட்டு நிச்சயம். 'தககத்த தெஸ்' என்று அந்தச் சொல்லே மாற வேண்டும்.

'வா', எழுவாய் உருபான 'கா' இரண்டின் வேறுபாடு மட்டும் ஆண்டுக் கணக்கில் துரத்தும். ஒரு கைப்பிடி: தமிழில் 'தான்' போடும் இடத்தில் பெரும்பாலும் 'கா'. "யார் வந்தது? ரவிதான் வந்தான்."

வினை வடிவங்களுக்கு விளக்கம் உதவாது, வேகம்தான் வேண்டும். 20 வினையை அகராதி வடிவில் அட்டைகளில் எழுதி, ஒரு நிமிடத்தில் இருபதையும் எச்ச வடிவுக்கு மாற்ற முடியும் வரை பழகுங்கள். 'கு'வில் முடியும் வினைகளில் 'இகு' (போ) மட்டும் விதிவிலக்கு: 'இத்தே'. ஆசிரியர் அதைக் கட்டாயம் கேட்பார்.

எண்ணில் ஒரு சிறு குறிப்பு: 10,000 என்பது அவர்களுக்கு ஓர் அலகு, 'மன்'. ஒரு லட்சம் பத்து மன், ஒரு கோடி ஆயிரம் மன். மில்லியன் வழியாகப் போனால் சுற்றிக்கொள்வீர்கள்.

மரியாதை: இங்கே விழும் திட்டு வலிக்கும்

ஆசிரியரை 'அனத' (நீங்கள்) என்று அழைக்காதீர்கள். நாமும் ஆசிரியரிடம் "நீங்கள்" என்பதைத் தவிர்த்து "சார் சொன்னீங்களே", "டீச்சர் வருவீங்களா" என்போம். அதே பழக்கம்: 'சென்சே வா...' என்று தொடங்குங்கள். உங்கள் பெயரோடு 'ஸன்' சேர்க்காதீர்கள். அது தன்னைத்தானே "திரு" போட்டுக்கொள்வது.

நமக்கு மனம் ஒப்பாத ஒன்று உண்டு. வெளியாரிடம் பேசும்போது சொந்த அம்மா 'ஹஹ', மற்றவர் அம்மா 'ஒகாஸன்'. நிறுவனத்துக்கு வெளியே உள்ளவரிடம் உங்கள் மேலாளரைப் பற்றிப் பேசினால் அவர் பெயருக்கும் 'ஸன்' கிடையாது. அப்பாவை "அவர்" என்றே சொல்லி வளர்ந்தவருக்கு இது உறுத்தும். அவர்கள் கணக்கில் என் வீட்டாரும் நானும் ஒன்று, என்னைத் தாழ்த்தினால் அவர்களையும் சேர்த்துத் தாழ்த்துவேன்.

கொடுக்கல் வாங்கலுக்கு மூன்று வினை. பிறருக்கு நான் கொடுத்தால் 'அகெரு', எனக்குப் பிறர் தந்தால் 'குரெரு', நான் பெற்றால் 'மொராவு'. முதல் இரண்டும் நம் கொடு, தா போலத்தான்: அவருக்குக் கொடுத்தேன், எனக்குத் தந்தார்.

நேரமும் தேர்வும்

ஜேஎல்பிடி எனும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு முன்பு நான்கு நிலையாக இருந்த காலத்தில் அடிப்படை நிலைக்கு 150 மணி நேரம், அடுத்ததற்கு 300 மணி நேரப் படிப்பு என்று வழிகாட்டிக் கணக்கு இருந்தது. இன்றைய ஐந்து நிலை ஜேஎல்பிடி 2010இல் வந்தது. திட்டமிட அந்தப் பழைய கணக்கே இன்னும் உதவும். வாரம் ஒரு வகுப்பு மூன்று மணி நேரம், வீட்டில் நாளுக்கு 40 நிமிடம் என்றால் அரை ஆண்டில் 150 மணி நேரத்தைத் தாண்டுவீர்கள். 40 நிமிடத்தை ஒரே மூச்சில் தேடாதீர்கள், கிடைக்காது. பசியாறும் முன் 10 நிமிடம் திட்டு நோட்டு, ரயிலில் 15 நிமிடம் ஒலிப்பதிவு, இரவு 15 நிமிடம் எழுத்து. ஷிப்ட் வேலை செய்பவர் இரவு ஷிப்ட் வாரத்தில் புதிதாக எதையும் தொடாமல் பழையதை மட்டும் கேளுங்கள்.

தேர்வு ஜூலை, டிசம்பர் மாதங்களில் நடப்பது வழக்கம். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் மையம் உண்டு. பதிவு பல மாதங்களுக்கு முன்பே மூடிவிடும். என்-5 எனும் அடிப்படை நிலையில் 180க்கு 80 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த 120இல் 38, கேட்டலில் 60க்கு 19 என்ற தனி எல்லையும் தாண்ட வேண்டும். அடுத்த நிலையான என்-4க்கு மொத்தம் 90, தனி எல்லை அதேதான். எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். பேச்சுத் தேர்வு இல்லை. ஆகவே வகுப்பில் பேச்சுக்காக வாங்கும் திட்டைத் தேர்வு மதிப்பெண்ணில் தேடாதீர்கள், அது வேலைக்கான நேர்காணலில் வெளிப்படும்.

எல்லை மீறினால்

உங்கள் தோல் நிறம், இனம், உடல், குடும்பம், வேலை பற்றி ஒரு சொல் வந்தால் அது மொழிப்பாடம் இல்லை. வகுப்பு முடிந்ததும் தனியாக நின்று, அமைதியாக, ஆங்கிலத்திலோ மலாயிலோ சொல்லுங்கள்: என் தவறைத் திருத்துங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும், என்னைப் பற்றிப் பேச வேண்டாம். கற்கும் மொழியில் சொல்ல முயலாதீர்கள். அங்கே அவர் வாக்கியத்தைத் திருத்தத் தொடங்கிவிடுவார், விஷயம் நழுவும்.

மறுபடி நடந்தால் நாள், நேரம், சொன்ன சொல், யார் இருந்தார்கள் என்று எழுதி நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, வேறு வகுப்புக்கு மாற்றக் கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் புலம்புவதால் உங்கள் பெயர்தான் கெடும். மூன்று வாரத்தில் பதிலோ மாற்றமோ வராவிட்டால் தவணை முடிவில் விலகுங்கள். தவணையாகக் கட்டச் சொன்னது இதற்காகத்தான்.

விலகும்போது திட்டு நோட்டைத் தூக்கி எறியாதீர்கள். அடுத்த ஆசிரியரிடம் முதல் நாளே வலது பத்தியின் எண்ணிக்கையைக் காட்டினால், உங்கள் நிலையைச் சோதிக்க அவர் செலவிடும் இரண்டு மூன்று வகுப்பு மிச்சம்.